பௌத்தப் பழம்பதிகளில் நான்கு நாட்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து அநுராதபுரம் ஏறக்குறைய 120 மைல். கொழும்புக்குப் புகைவண்டியிற் செல்லும் நம்மவர் யாவரும் அந்நகரைக் கடந்தே செல்கின்றனர். வண்டியின் சாளரத்தினூடாக மரங்களுக்கு மேலே வெள்ளைத் தாதுகோபமொன்று தோன்றி மறைவதை எத்தனையோ முறை கண்டிருக்கின்றோம். ஆயினும் இறங்கிச் சென்று பார்த்தோர் நம்முட் சிலரே. கடல் கடந்து சிதம்பரத்துக்கும் மதுரைக்கும் யாத்திரை செய்தவர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கின்றனர். மிகிந்தலையின் படிகளிற் கால் வைத்தவர்களைத் தேடித்தான் காணவேண்டும்.

இதற்குக் காரணம் சமயம் மட்டுமன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரினால் ஒரு தலைமுறையினருக்கு அப்பாதையே அடைபட்டுக் கிடந்தது. என்னிடம் வரலாறு பயிலும் மாணவர்கள் அப்போர் ஓய்ந்த காலத்தையொட்டிப் பிறந்தவர்கள். அவர்களுக்குப் பாதை திறந்திருக்கின்றது. ஆனால், அது தமக்குரிய பாதைதானா என்ற ஐயமும் கூடவே வந்திருக்கின்றது. பாடநூலிற் படித்த இடங்களை நேரிற் காட்டவேண்டுமென்று சென்ற விடுமுறையில் நாங்கள் மூன்று ஆசிரியர்கள், முப்பத்திரண்டு மாணவர்களுடன் நான்கு நாட் பயணமொன்றை ஒழுங்கு செய்தோம். மாணவர் ஒருவரின் தந்தையார் வீடு தேடி வந்து, "மாஸ்டர், எங்கட கோயில்கள் எத்தனையோ இருக்க, பிள்ளையளை ஏன் விகாரையளுக்குக் கூட்டிக்கொண்டு போறியள்?" என்று கேட்டார். அவர் குரலிற் கோபமில்லை, கவலைதான் இருந்தது. "பிள்ளை திரும்பி வந்தபின் அவனிடமே கேளுங்கோ" என்று மட்டும் கூறினேன். அன்னாரின் கேள்விக்கு நான் கொடுக்கக்கூடிய முழு விடையையும் இக்கட்டுரையில் எழுத முயல்கின்றேன்.

மிகிந்தலை மலை

ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா, மதவாச்சி எனக் கடந்து, வெயில் ஏறுமுன் மிகிந்தலையை அடைந்தோம். அடிவாரத்திலிருந்து உச்சிவரை 1,840 படிகள் என்பர். அகன்ற கருங்கற் படிகள். இருமருங்கும் வெள்ளலரி மரங்கள் பூவுதிர்த்து நிற்கின்றன. கிழவரும் குழந்தையரும் களைப்பின்றி ஏறுமாறு படிகள் தாழ்வாக அமைந்திருக்கின்றன. பாதி வழியிலே துறவியர் உணவு கொண்ட மண்டபத்தின் அழிபாடும், சோறு இடுவதற்குரிய நீண்ட கற்றொட்டிகளும் உள்ளன. அவற்றின் அருகே நான்காம் மகிந்தன் 10ஆம் நூற்றாண்டிற் பொறிப்பித்த இரு பெருங் கற்பலகைகள் நிற்கின்றன. மடத்துப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் உரிய கடமை யாது, ஊதியம் யாது என்று அவை வரையறுத்துக் கூறுகின்றன. அடிவாரத்தில் ஒரு பழைய மருத்துவசாலையின் அத்திவாரமும், நோயாளரை மருந்தில் அமிழ்த்திக் கிடத்துவதற்கென மனித உடலின் வடிவிற் குடைந்த கற்றொட்டியும் இருக்கின்றன. தியானம் செய்த மலையென்றே எண்ணிச் சென்ற மாணவர்கள், கணக்கெழுதிய மலையும் வைத்தியம் பார்த்த மலையும் அதுவே என்று கண்டு வியந்தனர்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகனின் மைந்தர் மகிந்த தேரர், வேட்டைக்கு வந்த தேவநம்பியதீசனை இம்மலையிற் சந்தித்தார் என்று மகாவம்சம் கூறுகின்றது. தேரர் மன்னனின் அறிவைச் சோதிக்க எண்ணினார். பக்கத்தில் நின்ற மரத்தைக் காட்டி, "இது என்ன மரம்?" என்றார். "மாமரம்" என்றான் மன்னன். "இதைவிட வேறு மாமரங்களும் உண்டோ?" "பல உண்டு." "மாமரமல்லாத மரங்களும் உண்டோ?" "அவையும் பல." "அந்த மாமரங்களையும், மாமரமல்லாதவற்றையும் விட வேறு மரம் உண்டோ?" "இதோ, இந்த மாமரம்" என்றான் மன்னன். பின்னர் தேரர் உறவினரைப் பற்றியும் உறவினரல்லாதாரைப் பற்றியும் அவ்வாறே வினவினார். அவ்விரு திறத்தாரையும் விட எஞ்சியவன் தானே என்று மன்னன் உணர்ந்து கூறினான்.

இக்கதையை மாமரத்து நிலம் எனப் பொருள்படும் அம்பஸ்தலத்தில் நின்று மாணவர்களுக்குச் சொன்னேன். அவர்கள் அதை வெறும் விடுகதையாகவே கொண்டு சிரித்தனர். ஒருவன் மாத்திரம், "சேர், எங்கட ஆக்கள், மற்ற ஆக்கள் எண்டு பிரிச்சுப்போட்டுக் கடைசியா என்னைப்பற்றி யோசிக்கச் சொல்லுறார் போல" என்றான். இதனினும் நல்ல உரையை நான் எந்நூலிலும் படித்ததில்லை.

அநுராதபுரம்: வெள்ளரசின் நிழலில்

அன்று பிற்பகல் அநுராதபுரத்தை அடைந்தோம். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் இலங்கையின் தலைநகராய் விளங்கிய இந்நகர், 1982ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பெற்றது. அங்கே முதலில் ஸ்ரீ மகாபோதி என வழங்கும் வெள்ளரசை வணங்கச் சென்றோம். புத்தர் ஞானம் பெற்ற மரத்தின் கிளையைச் சங்கமித்தை தேரி கப்பலிற் கொண்டுவந்தார் என்பது வரலாறு. அக்கப்பல் கரையடைந்த துறை சம்புகோளம் என்று மகாவம்சம் குறிப்பிடுகின்றது. அது நமது குடாநாட்டின் வடகரையிலுள்ள துறை. இத்தீவின் பௌத்தர்கள் அனைவரும் தலைவணங்கும் மரம் முதன்முதல் யாழ்ப்பாண மண்ணிலே இறங்கி அங்கிருந்தே தெற்கு நோக்கிச் சென்றது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். கந்தரோடையிற் சிறு தாதுகோபங்கள் கூட்டமாய்க் காணப்படுவதும், மணிமேகலை என்னும் காப்பியம் தமிழிலே எழுந்ததும் இத்தொடர்பின் மற்றைச் சான்றுகள். தமிழருக்கும் பௌத்தம் ஒருகாலத்து வீட்டுச் சமயமாய் இருந்தது.

மரத்தடியில் எங்கும் வெண்ணிற உடை. கையிலே தாமரையும் நெய்தலும் ஏந்திய குடும்பங்கள் ஓசையின்றி நகர்ந்துகொண்டிருந்தன. எங்கள் மாணவர்கள் வெறுங்கையோடு ஒதுங்கி நின்றனர். அப்போது எண்பது வயது மதிக்கத்தக்க சிங்கள மூதாட்டி ஒருவர் தமது தட்டிலிருந்த நெய்தற் பூக்களுட் சிலவற்றை எடுத்து எங்கள் பையன் ஒருவனின் கையில் வைத்தார். அவனுக்குச் சிங்களம் தெரியாது. திகைப்பில், "நன்றி ஆச்சி" என்றான். அவர் முகம் மலர்ந்தது. சிங்களத்திலும் பாட்டியை ஆச்சி என்றே அழைப்பர். ஒரு சொல் இரு மொழிக்கும் பொதுவாயிருந்தமையால் அப்பிள்ளை ஒரு பேத்தியின் கணவனைப்போல் உபசரிக்கப்பட்டான்! பீடத்துக்கு அழைத்துச் சென்று பூவை எவ்வாறு வைப்பது என்று அவரே காட்டிக் கொடுத்தார்.

அந்நிழலில் நின்றபோது இன்னொன்றையும் நான் மாணவர்களுக்கு மறைக்கவில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதை அவர்கள் அறிவர். அது நம் வீடுகளில் அடிக்கடி பேசப்படும் செய்தி. 1985ஆம் ஆண்டு மே மாதம் 14ஆந் திகதி இந்நகரிலும் இப்புனித வளவிலும் தமிழ் ஆயுதக் குழுவினர் நடத்திய தாக்குதலில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுட் பூவேந்தி வந்த அடியாரும் இருந்தனர். இச்செய்தி நம் வீடுகளிற் பேசப்படுவது குறைவு. ஏடு எரிந்ததை நினைப்பவர்கள் இரத்தம் சிந்தியதையும் நினைத்தல் வேண்டும். சிந்திய இரத்தத்தை நினைப்பவர்களும் எரிந்த ஏட்டை நினைத்தல் வேண்டும். நான் இவ்வளவே கூறினேன். பூ வைத்துவிட்டு வந்த அப்பையன் நெடுநேரம் பேசவில்லை.

பட்டு விசிறியும் கல்லெழுத்தும்

மறுநாட் காலை அபயகிரிக்குச் சென்றோம். கி.மு. 1ஆம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் தோற்றுவித்த இவ்விகாரை பின்னர் பெரும் பல்கலைக்கழகம்போல் வளர்ந்தது. சீனத்துத் துறவி பாகியன் கி.பி. 399இல் தம் நாட்டை விட்டுப் புறப்பட்டு, இந்தியாவெங்கும் நடந்து, 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்து இரண்டாண்டு தங்கினார். அக்காலத்தில் இங்கு 5,000 துறவிகள் இருந்தனர் என்று அவர் எழுதுகின்றார்.

ஒருநாள் அபயகிரியிலிருந்த பச்சை மணிக்கற் புத்தர் சிலையின் முன் அவர் நின்றார். அங்கே ஒரு வணிகன் சீனத்து வெண்பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கையாக வைப்பதைக் கண்டார். நாட்டை விட்டுப் பல்லாண்டு ஆயிற்று. உடன் வந்தவர்களிற் சிலர் பிரிந்தனர், சிலர் இறந்தனர். கேட்கும் மொழி அயல்மொழி, காணும் மரமும் அயல்மரம். இந்நிலையிலே பிறந்த நாட்டுப் பொருளொன்று கண்முன் தோன்றவே, துறவியாகிய அவரும் கண்ணீர் விட்டார். பற்றறுக்க வந்த இடத்தில் பற்று வந்து கண்ணை நனைத்ததை அவர் மறையாமல் எழுதி வைத்திருக்கின்றார். பதினாறு நூற்றாண்டுகளின் பின்னரும் அவ்விசிறி நம் நெஞ்சைத் தொடுகின்றது. பிள்ளைகளைக் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் அனுப்பிவிட்டு இருக்கும் நம்மவர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

அபயகிரியின் அருகே, யாத்திரிகர் அதிகம் செல்லாத ஒரு பாறையில், பிராமி எழுத்திலே ஒரு பழங் கல்வெட்டு உள்ளது. தமிழ்க் குடும்பத்தலைவர்கள் கூடுவதற்காகத் தமிழனாகிய சமணன் என்பவன் அமைப்பித்த மேடை இது என்று அது கூறுகின்றது. எழுதிய மொழி பிராகிருதம். தமிழரைக் குறிக்குஞ் சொல் 'தமேட' என்பது. பாறையின் படித்தளங்களில் ஒவ்வொருவருக்கும் உரிய இருக்கையும் பெயருடன் பொறிக்கப்பட்டிருக்கின்றது. அவருள் ஒருவன் மரக்கலத் தலைவன். கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தது என்று அறிஞர் கருதும் அவ்வெழுத்தை மாணவர்கள் குனிந்து விரலாலே தடவிப் பார்க்க முனைந்தனர். தொடலாகாது என்று தடுத்தேன். அரசனின் பெயர்களை மனப்பாடஞ் செய்து அலுத்தவர்களுக்கு, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இன்னாருக்கு இன்ன ஆசனம் என்று ஒழுங்குபண்ணி உட்கார்ந்த ஒரு சபை புதுமையாய் இருந்தது. "எங்கட வாசிகசாலைக் கூட்டம் மாதிரி" என்றான் ஒருவன்.

ஜேதவனத் தாதுகோபத்தையும் கண்டோம். மகாசேனன் தொடங்கிய இச்செங்கற் குன்று ஆதியில் ஏறக்குறைய 400 அடி உயரமுடையதாய் இருந்தது. இன்று எஞ்சியது 230 அடியளவு. அண்ணாந்து பார்க்கையில் கழுத்து நோகின்றது.

எல்லாளன் கதையைக் கேளாத தமிழ்ப் பிள்ளை இல்லை. 44 ஆண்டுகள் இந்நகரில் ஆண்ட அச்சோழ மன்னன், கன்றைத் தேர்க்காலிற் கொன்ற தன் மகனையே தண்டித்தான் என்றும், பகைவர்க்கும் நண்பர்க்கும் ஒரே நீதி வழங்கினான் என்றும் எழுதி வைத்தவர் ஒரு பௌத்தத் துறவி. எழுதிய நூல் மகாவம்சம். துட்டகைமுனு அவனைப் போரிலே கொன்றபின் அவனுக்குச் சமாதி எழுப்பி, அவ்வழியே செல்வோர் வாத்தியங்களை நிறுத்தி மரியாதை செய்யவேண்டுமென்று கட்டளையிட்டான். எல்லாளன் சமாதி என்று மக்கள் நெடுங்காலம் காட்டிவந்த மேடு தக்கிண விகாரையின் தாதுகோபம் என்று தொல்லியலாளர் பின்னர் நிறுவினர். மேடு எதுவாயினும் ஆகுக. இறந்த பகைவனுக்கு வணக்கஞ் செலுத்தும் வழக்கம் ஈராயிரம் ஆண்டு நினைவில் நின்றது என்பதே பெரிது.

இந்நகர் காடாகிக் கிடந்த காலத்தில் இதனூடாகச் சென்ற ஒருவரையும் சொல்லவேண்டும். றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு, 1679இல் தோழர் ஒருவருடன் தப்பியோடினார். அநுராதபுரத்தை அடைந்தபோது அங்கிருந்தோருக்குத் தாம் பேசிய சிங்களம் விளங்கவில்லை என்றும், அவர்கள் தமிழர் என்றும் எழுதுகின்றார். பின்னர் மல்வத்து ஓயா என்னும் அருவியாற்றின் கரையைப் பற்றி நடந்து, வெட்டிய கற்றூண்கள் காட்டினுள்ளே எண்ணிலவாய்க் கிடக்கக் கண்டு, அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரை அடைந்தார். தூண்களை எண்ண அவருக்குப் பொழுதில்லை. உயிர் தப்ப ஓடுபவருக்குச் சிற்பம் ஏது? எனினும் அவர் கண்கள் அவற்றைக் குறித்துக் கொண்டன.

பொலன்னறுவை: ஒரு மாணவனின் கேள்வி

மூன்றாம் நாள் பொலன்னறுவையை அடைந்தோம். அங்கே ஒரு மாணவன், நான் எதிர்பார்த்திருந்த கேள்வியைக் கேட்டான். "சேர், அநுராதபுரத்தை ஏன் கைவிட்டவை? எங்கட சோழர்தானே இடிச்சவை?"

வரலாற்று ஆசிரியன் இவ்விடத்தில் மழுப்புதல் தகாது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராசராசனின் படைகள் இலங்கையின் வடபகுதியைக் கைப்பற்றின. கி.பி. 1017ஐ அண்டி ஐந்தாம் மகிந்தன் சிறைப்பிடிக்கப்பட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கேயே இறந்தான். விகாரைகள் சூறையாடப்பட்டன, தாது அறைகள் உடைக்கப்பட்டன, பொற்சிலைகள் எடுத்துச் செல்லப்பட்டன என்று சூளவம்சம் கூறுகின்றது. சோழரின் பெருமையைப் பாடத்திற் படித்து மகிழும் நாம் இதையும் சேர்த்தே படித்தல் வேண்டும். நான் இவ்வாறு கூறியதும் அவன் தலை குனிந்தான். "நீ உடைத்ததன்று, ஆகையால் நாணவேண்டாம். நீ கட்டியதுமன்று, ஆகையால் தஞ்சைக் கோபுரத்தைச் சொல்லி மார்தட்டவும் வேண்டாம். பார், அறிந்துகொள்" என்றேன்.

பார்ப்பதற்கு அங்கே எத்தனையோ உள்ளன. சோழர் இந்நகரைச் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டு ஆண்டபோது எடுத்த வானவன்மாதேவி ஈச்சரம் என்னும் சிவாலயம், விமானம் முதல் அடித்தளம்வரை கல்லினாலாகி, இன்றும் உருக்குலையாது நிற்கின்றது. கி.பி. 1070இல் சோழரை வென்று நாட்டை மீட்ட முதலாம் விசயபாகு அதனை இடிக்கவில்லை. நூறாண்டின் பின்னர் கடல்போலும் குளங்கட்டிய முதலாம் பராக்கிரமபாகுவும் இடிக்கவில்லை. நாங்கள் சென்றபோது இலிங்கத்தின்மேல் அன்றலர்ந்த பூக்கள் இருந்தன. காவலாளியை வினவினோம், தமிழரும் வைப்பர், சிங்களவரும் வைப்பர் என்றார்.

அங்கிருந்து பழைய அரச வளவுக்கு வடக்கே, வட்டதாகையும் அட்டதாகையும் சூழ்ந்த முற்றத்துக்குச் சென்றோம். நிசங்கமல்லனின் கற்புத்தகம் அங்கே கிடக்கின்றது: ஏறக்குறைய 27 அடி நீளம், 25 தொன் எடை. மிகிந்தலையிலிருந்து அதனை இழுத்து வந்ததாக அதிலேயே பொறித்திருக்கின்றனர். எல்லாரும் அதைச் சூழ்ந்து நிற்க, சற்றப்பால் தனியே நிற்கும் ஒரு பலகைக் கல்லை நான் மாணவர்களுக்குக் காட்டினேன். அதிலுள்ளது தமிழ்.

விசயபாகு மன்னன் புத்தரின் தந்ததாதுவுக்கு இங்கே ஒரு மாளிகை எடுப்பித்தான். அவன் மறைந்தபின் அம்மாளிகையைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரர் என்னும் தென்னிந்தியப் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்தவர் முகலன் என்னும் பௌத்த மாதேரர். இப்படையினர் ஒருகாலத்தில் அதே விசயபாகுவை எதிர்த்துக் கலகஞ்செய்து அரண்மனைக்குத் தீயிட்டவர்கள் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். அத்தகையோர், வளஞ்சியர் நகரத்தார் என்னும் வணிகரையுங் கூட்டி, அம்மாளிகைக்கு 'மூன்றுகை வேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி' எனத் தம் பெயரையும் இட்டு, தமக்கு எத்துன்பம் நேரினும் அதன் ஊர்களையும் பொருளையும் ஊழியரையும் அடியாரையும் தம் குலம் உள்ளளவும் காப்பதாக இக்கல்லில் வாக்களித்திருக்கின்றனர். சிங்கள மன்னன் எடுத்த மாளிகை. அதற்குத் தமிழ்ப் படையின் காவல். அக்காவலை நம்பி ஒப்படைத்தவர் ஒரு பிக்கு. அந்த நம்பிக்கையை விளைத்தது எது என்று நாம் சிந்தித்தல் நன்று.

பிற்பகல், உத்தராராமம் எனப் பழம்பெயர் பெற்ற கல்விகாரைக்குச் சென்றோம். ஒரே பாறையிற் செதுக்கிய நான்கு திருவுருவங்கள். 46 அடி நீளமுடைய கிடந்த திருக்கோலத்தில் தலையணை தலையின் பாரத்தாற் சற்றே அமுங்கியிருக்கின்றது. கல்லிலே பஞ்சின் மென்மையைக் காட்டிய அச்சிற்பியின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. பக்கத்தில் 23 அடி உயரத்தில் கைகளை மார்பிற் கட்டி நிற்கும் உருவத்தை ஆனந்தர் என்பர் சிலர், புத்தரே என்பர் பலர். முகத்திலுள்ள அமைதியா, துயரமா என்று எங்களுள்ளும் ஒரு வாதம் எழுந்தது. கல்லின் இயற்கையான கரும் ரேகைகள் மாலை வெயிலில் நீரோட்டம்போல் அம்முகத்தினூடாக ஓடின. வாதம் தானாகவே ஓய்ந்தது. நீறணிந்த எங்கள் மாணவர்கள், எவரும் சொல்லாமலே நிலத்தில் அமர்ந்தனர்.

வெல்கம் விகாரை

நான்காம் நாள் அபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்கு வந்தோம். நகருக்கு வடமேற்கே, பெரியகுளத்தின் பக்கத்துக் காட்டிலே, வெல்கம் விகாரை இருக்கின்றது. சுற்றுலாப் பயணிகள் கோணேசர் கோயிலையும் கடற்கரையையும் பார்த்துத் திரும்புவர். இங்கே வருவோர் குறைவு. நாங்கள் சென்ற வேளையில் எங்களைத் தவிர ஒரு பிக்குவும் குரங்குகளுமே இருந்தனர்.

சோழர் அநுராதபுரத்து விகாரைகளைச் சூறையாடினர் எனக் கண்டோம். அதே சோழரின் ஆட்சியில் இவ்விகாரை அழிவின்றி நின்றது மட்டுமன்று; இராசராசப் பெரும்பள்ளி என்று பேரரசனின் பெயராலேயே விளங்கிற்று. தமிழ்ப் பௌத்தர் இதனைப் பேணினர். பசுக்களும் நந்தாவிளக்குகளும் தானஞ்செய்த செய்திகள் இராசராசன், இராசேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளாக இங்கே கிடைத்துள்ளன. பின்னாளில் பௌத்தம் இப்பகுதித் தமிழரிடையே மறைந்தது. ஆயினும் சுற்றுப்புறத் தமிழ் மக்கள் அக்காட்டுக் கட்டடத்தை நாதனார் கோவில் என்று வழங்கி வந்தனர். எந்த நாதன் என்பதை மறந்தும், நாதன் ஒருவன் உறையும் இடம் என்பதை மறவாதிருந்தனர்.

விகாரையின் அடித்தளம் சோழர்காலக் கோயிலொன்றின் அடித்தளம்போலவே இருக்கின்றது. உள்ளே நிற்பது புத்தரின் சுண்ணக்கற் சிலை. அவ்விடத்துப் பிக்கு எங்களிடம் தமிழில் நலம் விசாரித்து, கல்வெட்டுள்ள கற்களைத் தாமே காட்டினார். மாணவர்களை வாசிக்கச் சொன்னார். பழைய எழுத்தாதலால் அவர்கள் ஓரிரு எழுத்துகளையே இனங்கண்டனர். பிள்ளைகள் எழுத்துக்கூட்ட, அவர் புன்னகையுடன் கேட்டுக்கொண்டிருந்தார்.

அங்கே ஒரு மாணவன், "அப்ப சேர், இது எங்கட இடந்தானே?" என்றான். இக்காலத்தில் இக்கேள்வி சிறுபிள்ளைக் கேள்வியாய் நின்றுவிடுவதில்லை. ஒரு கல் அகப்பட்டால் அதை ஒரு காணியின் உறுதியாக்கி, மற்றவனை எழுந்து போ என்று சொல்ல முனைவோர் எல்லாப் பக்கத்திலும் இருக்கின்றனர். ஆதலால் அவனுக்கு ஆறுதலாக விடை சொன்னேன். "அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கின்றது? பசு கொடுத்தோம், விளக்கு வைத்தோம் என்று. கொடுத்தவன் பெயர் கொடுத்ததற்குச் சாட்சி. கோயிலுக்கு விளக்குக் கொடுத்தவன் கோயிலைக் கொண்டு போவானோ? பூசை செய்தவர்களும் இங்கிருந்தனர், கொடுத்தவர்களும் இங்கிருந்தனர். இரு திறத்தாரும் இருந்தமையாலேயே விளக்கு எரிந்தது." அவன் மறுமொழி சொல்லவில்லை. பிக்குவிடம் சென்று, எண்ணெய்க்கென்று தன் சட்டைப்பையிலிருந்த காசைக் கொடுத்துவிட்டு வந்தான்.

செல்வோர்க்குச் சில சொற்கள்

இவ்விடங்களுக்குக் குடும்பத்துடன் செல்ல விரும்புவோர் சிலவற்றைக் கவனித்தல் நலம். விகாரை வளவுகளிற் செருப்பும் தொப்பியும் களைதல் வேண்டும். நண்பகலிற் கற்றளம் நெருப்பாய்ச் சுடும். அதிகாலையிலோ மாலையிலோ செல்க. முதியோர் காலுறை அணிந்து நடக்கலாம். தோளும் முழங்காலும் மறையும் வெண்ணிற உடை சிறந்தது. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் பிடித்தல் பெரும் அவமரியாதையாகக் கொள்ளப்படும். பொசன் பூரணையன்று மிகிந்தலையில் மக்கள் வெள்ளம்போற் கூடுவர்; கூட்டத்தை விரும்பாதோர் வேறு நாளைத் தெரிந்துகொள்க. பிள்ளைகளின் கையில் ஒரு குறிப்புப் புத்தகமும், வாயிற் பத்துச் சிங்களச் சொற்களும் இருக்கட்டும். வெறுங்கையுடன் போகாதீர்கள், வாயிலில் தாமரை விற்பார்கள்.

திரும்பி வந்து ஒரு வாரத்தின் பின்னர் அத்தந்தையாரை வீதியிற் கண்டேன். மகன் என்ன சொன்னான் என்று வினவினேன். "விளக்குக்கு எண்ணெய் வாங்கக் காசு குடுத்தவனாம் மாஸ்டர். வாற வருசம் என்னையும் தாயையும் கூட்டிக்கொண்டு போகப்போறானாம். ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போகலாமோ, படி கனக்கவோ?" என்று கேட்டார். படிகள் தாழ்வானவை, ஆறுதலாக ஏறலாம் என்று சொல்லி அனுப்பினேன்.